நோன்பு மாதத்து அரை நிமிட ஓட்டங்கள்

“1957 ஏப்ரல் 22, திங்கள். ஹாஜா ஆறு ஓட்டம் ஓடினான். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. நோன்பின் கடைசிப் பத்து நாள் தொடங்கிவிட்டதால் இருக்கலாம்.”

என் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். முதல் இரண்டு செய்திகளும் சரி. மூன்றாவது தவறு. அந்தத் தவறைப் பற்றித்தான், விளையாட்டு ஆசிரியர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். குண்டு எறிவதையும் நீளம் தாண்டுவதையும் உங்கள் கல்லூரியில் என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒருவனுடைய உடம்பு நம்மிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, நாம் அதற்கு வேறொரு பொருளை எழுதி வைத்துக்கொள்வது பாடத்திட்டத்தில் வராது.

நான் காரைக்காலில் வேலைக்குச் சேர்ந்தது 1955இல். பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருடம். சாலையோரத்தில் அவர்களுடைய கிலோமீட்டர் கற்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. எல்லை தாண்டிப் பத்தடி போனால் மைல் கல். பள்ளியில் இருந்த அளவு நாடாவில் மீட்டர்தான். எனக்கு மதராஸில் பயிற்சி கொடுத்ததோ கஜத்தில். முதல் வருடம் முழுவதும் மனத்துக்குள் பெருக்கிக்கொண்டும் வகுத்துக்கொண்டும் அலைந்தேன்.

ஹாஜா என் மாணவன் அல்ல. என்னைவிட ஏழு வயது இளையவன், அவ்வளவுதான். கடைத்தெருவில் அவன் ராத்தா என்று அழைக்கும் அக்காவின் கணவர் சுல்தான் பாய் வைத்திருந்த ஜவுளிக்கடையில் துணி அளந்துகொண்டிருந்தான். அவனுடைய வாப்பாவுக்கு சைகோனில் கடை இருந்திருக்கிறது. அங்கே நிலைமை கெட்டதும் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பியவர், அந்த வருடமே மௌத்தாகிவிட்டார். அதிலிருந்து ஹாஜாவும் அவன் உம்மாவும் சுல்தான் பாய் வீட்டின் பின்கட்டு அறையில் இருந்தார்கள். பாய் கெட்டவர் இல்லை. ஆனால் சோறு போடுகிறவர் என்பதை அவர் மறந்ததும் இல்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

1957 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மைதானத்துக்கு வந்தான். போலீஸில் ஆள் எடுக்கிறார்கள் என்றான். உயரம், மார்பளவு, எழுத்து எல்லாவற்றிலும் தேறிவிடுவான். போன வருடம் மூன்று மைல் ஓட்டத்தில் விழுந்திருந்தான். குறித்த நேரம் முடிந்து விசில் ஊதியபோது, அவனுக்கு ஓட வேண்டியது இன்னும் முக்கால் சுற்று மிச்சம். வயது வரம்புப்படி இந்த வருடம் விட்டால் அடுத்த வாய்ப்பு கிடையாது.

“எத்தனை மாசம் இருக்கு?” என்று கேட்டேன்.

“மாசமா? பெருநாள் கழிஞ்சு நாலாம் நாள் ஓட்டம் சார். நடுவுல நோன்பு.”

“நோன்பு வச்சுக்கிட்டா ஓடப் போற?”

“நோன்ப விட்டுட்டு ஓடுன்னா சொல்லுறீங்க? உம்மா என்னைய வீட்டுக்குள்ள சேர்க்காது. சேர்த்துக்கிட்டாலும் மச்சானோட வீடு அது.”

பேசும்போது அவனால் நிற்க முடியாது. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருப்பான். என் சுபாவமும் ஏறக்குறைய அதுதான். அன்று இருவரும் மைதானத்தைப் பேசிக்கொண்டே எத்தனை முறை சுற்றினோம் என்று எனக்கே நினைவில்லை.

எங்கள் காலத்தில் நீள ஓட்டத்துக்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. மூன்று மைல் ஓட வேண்டுமா, நான்கு மைல் ஓடிப் பழகு. ஐந்து மைல் ஓடினால் இன்னும் நல்லது. ஹாஜாவுக்கு அது நடக்காது. காலையில் கடை திறந்தால் இரவு அடைக்கும்வரை வேலை. பிற்பகல் அஸர் தொழுகைக்கும் அந்தி மக்ரிபுக்கும் நடுவில்தான் பாய் அவனை வெளியே விடுவார். அதிலும் கைக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். பங்குனி, சித்திரை வெயில். விடியலுக்கு முன்னால் குடித்த தண்ணீரோடு பகல் முழுவதும் இருந்தவனை மாலையில் நான்கு மைல் ஓடச் சொன்னால், அது பயிற்சி அல்ல, கொலை.

ஊர் வாசகசாலையில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழைய விளையாட்டுப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடந்தது. என் பிரெஞ்சு அரைகுறை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றைப் படித்தேன். ஐரோப்பாவில் சில நீள ஓட்டக்காரர்கள் நீளமாக ஓடிப் பழகுவதையே குறைத்துவிட்டார்கள், குறுகிய தூரத்தை வேகமாக ஓடி, கொஞ்சம் மெதுவாகக் கால் போட்டு, மறுபடி வேகமாக ஓடுகிறார்கள், அப்படிப் பழகியவர்கள் நீள ஓட்டத்தில் ஜெயிக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அதைப் படித்த மாலை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குறுகிய வேக ஓட்டம் காலுக்குத்தான் பயிற்சி, மூச்சுக்கு அதில் வேலையே இல்லை என்று நான் அதுவரை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன். அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போய், ஈரமணலில் நானே ஓடிப் பார்த்தேன். அரை நிமிடம், உயிரைக் கொடுத்து. மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகு மணலில் உட்கார்ந்தவன், வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் வந்து “என்னங்க, ஏதாச்சும் கடிச்சிட்டுதா?” என்று கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை. கால் வலித்தது உண்மை. ஆனால் முதலில் தோற்றது மூச்சுதான். தோற்றது எதுவோ அதற்குத்தானே பயிற்சி நடந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பத்திரிகையில் போட்டிருந்த எண்ணிக்கை பெரியது. ஒரே நாளில் இருபது முப்பது ஓட்டம். நோன்பாளியிடம் அது செல்லாது. எண்ணிக்கையைக் குறைத்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும், வேகத்தைக் கூட்டினால் நடுவில் ஓய்வைக் கூட்ட வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அரை நிமிடம் முழு வேகம். பிறகு நான்கு நிமிடம் நடை. இப்படி நான்கு முறை. போகப் போக ஆறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி ஓட்டம் முடிந்து வேர்வை அடங்குவதற்குள் பாங்கு சொல்லிவிடுவார்கள். தண்ணீரும் பள்ளிவாசல் கஞ்சியும் கிடைத்துவிடும். இந்தக் கணக்குக்கு எனக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. தெரிந்த டாக்டர் ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். மயக்கம் வந்தால் அந்த நிமிடமே தண்ணீர் கொடு என்று மட்டும் சொன்னார். ஹாஜாவிடம் அதற்குச் சம்மதம் கேட்டேன். மயக்கம் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன் என்று சத்தியம் செய்தான். தண்ணீரைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை.

பிறை பார்த்த மூன்றாம் நாள் அதே முகத்துவார மணலில் தொடங்கினோம். நான் விசில் ஊதுவேன். அவன் பாய்வான். அரை நிமிடத்தில் மறு விசில். அவன் எங்கே இருக்கிறானோ அங்கே மணலில் ஒரு சவுக்குக் குச்சியை ஊன்றுவேன். அடுத்த ஓட்டத்தில் அந்தக் குச்சியை எட்ட வேண்டும். முதல் நாள் இரண்டாவது குச்சி முதல் குச்சிக்கு ஒரு ஆள் உயரம் பின்னால் நின்றது. நான்காவது குச்சியைச் சொல்ல வேண்டாம்.

குச்சியைவிட எனக்கு உதவியது வேறொன்று. நடக்கிற நான்கு நிமிடத்தில் மூச்சு திரும்பியதும் ஹாஜா வாயைத் திறப்பான். திறந்தால் மச்சானைப் பற்றித்தான். முதல் வாரம் மூன்றாவது நிமிடம் தாண்டித்தான் அந்தப் பேச்சு தொடங்கும்.

“கஞ்சிக்குப் பேரீச்சம்பழம் எத்தனை எடுத்தன்னு எண்ணுறாரு சார். அவர் முன்னாலயே கொட்டைய வரிசையா வச்சுட்டு வந்தேன்.”

“நோன்பு வச்சுக்கிட்டுப் புறம் பேசலாமா?”

“பள்ளிவாசல் ஹஜ்ரத்து கூடாதுன்னுதான் சொன்னாரு. இது புறம் இல்ல சார். அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். இங்க சும்மா ஒரு தடவ திருப்பிப் பாக்குறேன்.”

இரண்டாவது வாரம் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பேன். இரண்டாவது நிமிடத்தில் மச்சான் வந்துவிட்டார். அந்த வார முடிவில் முதல் நிமிடம் முடிவதற்குள் வந்துவிட்டார். நெஞ்சு படபடப்பு அடங்குவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் என்னிடம் இல்லை. குச்சிகளும் நெருங்கி வந்தன. ஆறாவது குச்சி முதல் குச்சியின் பக்கத்திலேயே நின்ற நாளில் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் கூடத்திலேயே உலாத்திக்கொண்டிருந்தேன். மனைவி தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஒரு மைல்கூட ஓடாதவன் மூன்று மைலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான் என்பதை அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள். எனக்கே ராத்திரியில் நம்பிக்கை வரும், காலையில் போய்விடும்.

அந்தச் சமயத்தில் சுல்தான் பாய் ஒருமுறை பள்ளிக்கு வந்தார். தேர்வு நடந்துகொண்டிருந்தது. வராந்தாவில் நின்றே பேசினார். கடையில் பெருநாள் வியாபாரம், துணி அளக்கிற கையை நான் கடற்கரைக்கு இழுத்துப் போகிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஓடிருவானா சார்?”

“தெரியலைங்க பாய்.”

“தெரியாமத்தான் ஓட விடுறீங்களா? நல்ல வாத்தியாருங்க நீங்க. போன தடவ தோத்துட்டு வந்து மூணு மாசம் கடையில யாருகிட்டயும் பேசல அவன். கிராக்கி வந்து நின்னாக்கூட பேசல. இந்தத் தடவயும் அப்படின்னா அந்தப் புள்ள ஒண்ணுமில்லாமப் போயிருவான். பாத்துக்கங்க.”

போகிற போக்கில், அவன் என்னிடம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்று கேட்டார். நீங்கள் சோறு போடுவதைப் பற்றிச் சொல்வான் என்றேன். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போனார்.

இதற்குப் பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை. ஆறு ஓட்டம் ஓடினான். எந்த நடையிலும் வாயே திறக்கவில்லை. முதல் நிமிடம் போனது, மூன்றாவது நிமிடமும் போனது, மச்சான் வரவில்லை. ரமலானின் கடைசிப் பத்து நாள்கள் அவர்களுக்கு எவ்வளவு முக்கியமானவை என்று எனக்குத் தெரியும். அந்த நாள்களில் நாக்கைக் கட்டி வைப்பார்கள், பள்ளிவாசலிலேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. ஹாஜாவும் மச்சானைத் திட்டுவதை விட்டுவிட்டான், நல்லது என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். நான் இந்து, அடுத்தவருடைய பக்தியில் கேள்வி கேட்கக் கூடாது என்ற மரியாதை வேறு. குச்சிகள் பின்வாங்கியிருந்ததைப் பார்த்தேன். மூன்று வார நோன்பின் களைப்பு என்று அதற்கும் ஒரு காரணம் எழுதிக்கொண்டேன்.

புதன்கிழமையும் அப்படியே. பேச்சில்லை. குச்சிகள் இன்னும் பின்னால். எனக்குள் ஏதோ பிறாண்டியது. அந்தப் பிறாண்டலுக்கு நான் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? இரண்டு ஓட்டம் சேர்த்துக் கொடுத்தேன். எட்டாவது ஓட்டத்தில் அவன் கால் தூக்கிய விதத்தைப் பார்த்தும் நான் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஏதாவது குறைகிறது என்றால் எதையாவது கூட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை உழைப்பு என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

வியாழக்கிழமை காலை காய்கறிக் கடையருகே சஹர் பாவா என்னைப் பிடித்தார். நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன்னால் தெருத் தெருவாகத் தப்ஸ் என்னும் தோல்பறை அடித்து, பைத்து என்னும் பக்திப் பாட்டுப் பாடி, சஹர் உணவுக்கு ஆட்களை எழுப்புகிறவர் அவர். மாத முடிவில் வீட்டுக்கு வீடு பெருநாள் காணிக்கை கொடுப்பார்கள். வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் அவருக்கு அறுவடை.

“வாத்தியாரே, உங்க ஆளு என் வயித்துல அடிக்கிறானே, இது நியாயமா?”

“யாரு பாவா?”

“ஜவுளிக்கட சுல்தான் மச்சினன். ஒரு வாரமா நான் தப்ஸ எடுக்குறதுக்கு முன்னால தெருவுல ஓடிக்கிட்டு வர்றான். அவன் ஓட, நாயெல்லாம் தொரத்த, ஊரே எழுந்து உக்காந்துருது. நேத்து ஒரு வீட்டுல பொம்பளைங்க கேக்குறாங்க, நாயே எழுப்பிவிடுற ஊர்ல பாவா எதுக்குன்னு. பெருநாளைக்கு எனக்குத் தருவாங்களா, நாய்க்குத் தருவாங்களா, சொல்லுங்க.”

எவ்வளவு தூரம் போகிறான் என்று கேட்டேன். கோட்டுச்சேரி பக்கம் போய்த் திரும்புவதாகச் சொன்னார். கிலோமீட்டர் கற்களை மனத்துக்குள் எண்ணினேன். ஒரு வாரமாகத் தினமும். பிறகு சஹர், பகல் முழுக்க நோன்பு, கடையில் நின்றபடி வேலை, மாலையில் என்னிடம் உயிரைக் கொடுக்கிற ஓட்டம். அவன் வாயைக் கட்டியது பக்தி அல்ல. திட்டுவதற்குக்கூட உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

நேரே கடைக்குப் போனேன். பாய் இல்லை. ஹாஜா சீட்டித் துணிக் கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். கேட்டதும் மறைக்கவில்லை.

“மூணு மைலு சார். நீங்க அரை நிமிஷம் ஓட விடுறீங்க. அன்னைக்கு அரை நிமிஷத்துல விசில் ஊதுவாங்களா? எனக்குத் தூக்கமே வரல. படுத்தா காலு தானா ஆடுது. எழுந்து ஓடுனாத்தான் அடங்குது.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா வேணாம்னுவீங்க.”

சரியான பதில்தான். ஓட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. நான் அந்தக் கடைப் படியில் நின்றபடி முடிவு செய்ய வேண்டியிருந்தது. மாலை ஓட்டத்தைக் குறைத்து, விடியற்கால ஓட்டத்தை நிறுத்தச் சொல்லலாம். நடுவாந்தரமான யோசனை, யாருக்கும் கோபம் வராது. ஆனால் குச்சிகள் பின்வாங்கிக்கொண்டே போனது என் கண்ணில் நின்றது. முழு வேக ஓட்டம் உடம்பில் எதையாவது கட்டுகிறது என்றால், அது ஓடும்போது கட்டுவதில்லை, ஓடாத நாளில்தான் கட்டுகிறது. நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வகுத்ததே அதற்காக. அந்த ஓடாத நாள்களை அவன் தின்றுவிட்டான். மிச்சத்தை நான் எட்டு ஓட்டம் கொடுத்துத் தின்றேன்.

“இன்னையிலேர்ந்து அஞ்சு நாள் ஓடக் கூடாது. காலையிலயும் கூடாது, சாயங்காலமும் கூடாது.”

அவன் துணிக்கட்டைக் கீழே வைத்தான். “பத்து நாள்ல அஞ்சு நாள உக்காந்து கழிக்கச் சொல்றீங்க.”

“ஆமாம்.”

“ஓடத் தெரிஞ்சவன் சொல்ற பேச்சா சார் இது? உக்காந்தா ஓட்டம் வருமா? தோத்தா நீங்க வேற பையனப் பாத்துப்பீங்க. எனக்கு இந்தக் கஜக்கோலுதான். உம்மாவுக்கு அந்தப் பின்கட்டுதான்.”

இப்படிச் செய்து யாரும் ஜெயித்ததை நான் பார்த்ததில்லை என்றேன். ஆனால் இப்போது நீ ஓடுகிற ஒவ்வொரு ஓட்டமும் உன்னைப் பின்னால் இழுக்கிறது, குச்சிகளை நீயே பார்த்தாய் என்றேன். குச்சி என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். அதை அவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஓடாதே என்று சொல்வது எளிது. விடியலுக்கு முன்னால் தூக்கம் பிடிக்காமல் கால் ஆடுகிறவனை எதில் கட்டிப்போடுவது? திரும்பிப் போய்ப் பாவாவைத் தேடினேன். அவருடைய அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கூட வர ஒரு ஆள் தருகிறேன் என்றேன். வீட்டுக்கு வீடு நின்று, பைத்து முடியும்வரை காத்து, அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டும். அதைவிட மெதுவான வேலை காரைக்காலில் கிடையாது. பாவா ஒப்புக்கொண்டார். நாய்கள் அடங்கினால் போதும் அவருக்கு. ஹாஜாவும் ஒப்புக்கொண்டான், நன்மையான காரியம், மறுக்க முடியாது. சனிக்கிழமை பாவா மறுபடி என்னைப் பிடித்தார்.

“விளக்க எடுத்துக்கிட்டு முன்னால போயிடுறான் வாத்தியாரே. நான் இருட்டுல நின்னு பாடுறேன், இவன் அடுத்த தெருவுல வெளிச்சம் காட்டுறான்.”

அந்த ஐந்து நாளும் என் நிலை அவனுடையதைவிட மோசம். எதையும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு பயிற்சியாளர் எதற்கு என்ற கேள்வி என்னைத் துரத்தியது. தேர்வு அறையில் மாணவர்களுக்கு இடைஞ்சலாக மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன் என்று தலைமையாசிரியர் எச்சரித்தார். தினமும் ஒரு காரணம் வைத்துக்கொண்டு ஜவுளிக்கடைப் பக்கம் போனேன். நான் வந்தால் ஹாஜா முகத்தைத் திருப்பிக்கொள்வான். மூன்றாம் நாள் சுல்தான் பாய்க்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“மச்சினன ஓட்டத்துக்கு அனுப்புனா, நீங்க திருப்பிக் கடையில கொண்டாந்து உக்கார வச்சிருக்கீங்க. இதுக்கு நானே போதுமே சார்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணில் சிரிப்பில்லை.

ஆறாம் நாள், நோன்பின் கடைசி நாள்களில் ஒன்று, மணலுக்குப் போனோம். நான்கு ஓட்டம் மட்டும் என்றேன். அவன் என்னிடம் பேசாமலே நின்றான். விசில் ஊதினேன். முதல் குச்சியை நான் ஊன்றிய இடத்தை இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். மாதத் தொடக்கத்தில் அந்த இடத்துக்கு அவன் வந்ததே இல்லை. நடக்கத் தொடங்கினான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

“நேத்து மச்சான் என்ன செஞ்சாரு தெரியுமா சார்,” என்றான்.

மீதியை நான் கேட்கவில்லை. கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பெருநாளுக்கு மறுநாள் இன்னும் மூன்று ஓட்டம். அதோடு சரி. கடைசிவரை ஒரு முறைகூட மூன்று மைலை முழுதாக ஓடிப் பார்க்க நான் விடவில்லை. ஓடிப் பார்த்தால் எனக்கு நிம்மதி கிடைக்கும். அவனுக்குக் கால்தான் போகும் என்று தோன்றியது.

ஓட்டத்தன்று மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். நெரவி, கோட்டுச்சேரி பக்கத்துப் பையன்கள் வயலில் உழைத்த உடம்போடு நின்றார்கள். ஹாஜா அவர்கள் நடுவில் கடைக்காரனாகவே தெரிந்தான். முதல் மைல் முழுக்கப் பாதிக்குப் பின்னால் ஓடினான். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். சுல்தான் பாய் கடையை அடைத்துவிட்டு வந்து எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றார். வெற்றிலையை மடித்து மடித்து, போட்டுக்கொள்ளாமலே கையில் வைத்திருந்தார்.

இரண்டாவது மைலில் முன்னால் ஓடியவர்கள் ஒவ்வொருவராக வாயைப் பிளந்தார்கள். ஹாஜாவும் வாயைப் பிளந்தான். ஆனால் மூலைக்கு மூலை அவன் மூச்சு திரும்பியதை நான் பார்த்தேன். கொஞ்சம் விரைந்து ஒருவனைத் தாண்டுவான், அடங்குவான், மறுபடி விரைவான். மணலில் பழகியதை அவன் கால் தானாகச் செய்துகொண்டிருந்தது. போன வருடம் விசில் ஊதியபோது அவன் எங்கே நின்றானோ, அந்த மூலையைத் தாண்டும்போது விசில் ஊதவில்லை. கடைசி நேர்க்கோட்டில், அரை நிமிட ஓட்டம் ஓடினான். அவன் முடிவுக் கோட்டைத் தாண்டி விழுந்த பிறகுதான் விசில் சத்தம் கேட்டது.

சுல்தான் பாய் வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றுக்குள் குனிந்து போனார். அவனைத் தூக்கி நிறுத்தித் தன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டார். ஹாஜா மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ சொன்னான். என்ன என்று நான் பிறகு கேட்டேன். “கடைய ஏன் அடைச்சுட்டு வந்தீங்க, யாவாரம் போச்சேன்னு கேட்டேன் சார்” என்றான்.

வேலை கிடைத்தது. அந்த வருடக் கடைசியில் கோவில்பத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து உம்மாவைக் கூட்டிப்போனான். அதற்குப் பிறகு பல ஓட்டக்காரர்களுக்கு நான் இதே முறையைக் கொடுத்தேன். நேரம் இல்லாதவர்களுக்கு இது மூச்சைக் கட்டித் தருகிறது. அதை என் கண்ணால் பலமுறை பார்த்தேன். சிலருக்கு நீள ஓட்டத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எவருக்கு எது என்று எழுதி வைத்த விதி எதுவும் என்னிடம் இல்லை. ஓட்டக்காரன் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டால் மட்டும் நான் ஓட்டத்தை நிறுத்திவிட்டு விசாரிப்பேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அடுத்த வருட நோன்பில் பாவாவைச் சந்தித்தபோது, உங்கள் ஆள் நல்லபடியாக விளக்குத் தூக்கினான், ஆனால் ஒரு நாள் பாதித் தெருவில் விளக்கை ஒரு வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் காணாமல் போய்விட்டான் என்றார். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்ததாம். எந்த நாள் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. ஹாஜாவிடம் கேட்டேன். அப்போது அவன் சீருடையில் இருந்தான். பாவாவுக்கு வயதாகிவிட்டது, விளக்கு அணைந்தது, எண்ணெய் வாங்கப் போனேன் என்றான். எண்ணெய் வாங்கப் போனவனுக்குச் சட்டை ஏன் நனைகிறது என்று கேட்பதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டான்.

அவன் அன்று ஓடியிருந்தால், ஐந்து நாள் முழு ஓய்வு என்று நான் இத்தனை வருடமாகப் பலருக்குச் சொல்லிவந்தது முழு உண்மை அல்ல. எத்தனை நாள் ஓய்ந்தான், எவ்வளவு ஓடினான் என்பது எனக்குத் தெரியாது. இப்போது பாவாவும் உயிரோடு இல்லை, ஹாஜாவும் இல்லை. இந்தத் தகவலைச் சரிபார்க்க முடியவில்லை.